காகிதத் தட்டும் கழுத்துக்கறியும்

என் புருஷன் ஹார்லன் வெச்சிருக்கிறது துப்பாக்கி இல்ல, சாமான் கடை. தேடிப் பார்த்தா அடியில ஒரு இரும்புக் குழலும் ஒரு மரக்கட்டையும் கிடைக்கும். அதுக்கு மேல ஸ்கோப்பு, ஸ்கோப்புக்கு மேல ஒரு குட்டி ரசமட்டம், பக்கத்துல டார்ச்சு, முன்னாடி ரெண்டு கால் தாங்கி, முனையில சத்தத்தை அடக்குற குழாய், கன்னம் சாய்க்க ஒரு திண்டு, தோட்டா சொருக ஒரு உறை. ரசமட்டம் எதுக்குடான்னு கேட்டா, துப்பாக்கி சாயாம இருக்கான்னு பார்க்கவாம். "நம்ம வீட்டு வாசப்படி எத்தனை வருஷமா சாஞ்சு கிடக்கு, அதைக் கொண்டுபோய் அங்க வை"ன்னேன். காதுல விழாத மாதிரி கராஜுக்குள்ள போயிட்டான்.

அவனைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிடறேன். அமெரிக்காவுல, மொன்டானா மாநிலத்துல, எங்க மாவட்டத்துக்குப் பனி தள்ளுற லாரி ஓட்டுறான். ஊரு தூங்கும்போதே எழுந்து ரோட்டையெல்லாம் திறந்து விட்டுட்டு வருவான். ஊர்க்காரங்க எழுந்து காபி குடிச்ச தெம்புல ஆபீசுக்கு ஃபோன் போட்டு, "உங்க லாரிக்காரன் என் தபால் பெட்டியைப் பனியில புதைச்சுட்டான்"னு திட்டுவாங்க. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இதே கதைதான். நல்லாத் தள்ளினான்னு ஒருத்தர் சொன்னதில்ல. அவனும் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினதில்ல. என்கிட்டேயும் அப்படித்தான். நான் பேசுற பேச்சுக்கு வேற ஒருத்தனா இருந்தா எப்பவோ பக்கத்து மாநிலம் இடாஹோவுக்கு ஓடிப் போயிருப்பான். என் பேரு வில்மா, தீவனக் கடையில கல்லாவுல உக்காந்திருக்கேன். வாய் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

அக்டோபர் கடைசியில எல்க் மான் வேட்டை திறக்கும். ஹார்லனும் அவனோட கூட்டாளிங்களும் கோவேறு கழுதை மேல கூடாரத்தை ஏத்திக்கிட்டு மலைக்குப் போனா, திரும்பி வர பத்து நாளாகும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வேட்டைக்கு முந்தின சனிக்கிழமை சரளைக்கல் குழியில இருக்கிற கிளப்பு மைதானத்துக்கு எல்லாரும் வரணும். இருநூறு கஜம் தள்ளி ஒரு காகிதத் தட்டைக் குத்தி வெப்பாங்க. பிக்னிக்ல உருளைக்கிழங்கு சாலட் போட்டுத் திங்கிற அதே தட்டுதான். மூணு தோட்டா. மூணும் தட்டுக்குள்ள போனா நீ வேட்டைக்காரன். ஒண்ணு வெளியே போனாலும் அந்த வருஷம் நீ சமையல்காரன். பாதி உசிரோட மானைக் காட்டுக்குள்ள ஓட விடறவன் கையில துப்பாக்கி வேணாம், கரண்டி போதும்கிறது அவங்க நியாயம். நியாயத்துல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா என் புருஷன் ஆறு வருஷமாத் தொடர்ந்து கரண்டி பிடிச்சுட்டிருந்தான்.

கறியைப் பங்கு போடறதுலயும் சட்டம் இருக்கு. சுட்டவனுக்கு முதுகுச் சதை, மத்தவங்களுக்குத் தொடை, சமையல்காரனுக்குக் கழுத்து. எல்க்கோட கழுத்தை நீங்க சமைச்சதில்லையே. காலையில அடுப்புல ஏத்தினா சாயங்காலமும் கடிக்கிறவங்களைத் திருப்பிக் கடிக்கும். அந்தக் கழுத்தை வெள்ளைக் காகிதத்துல சுத்தி எங்க வீட்டு வாசலுக்குக் கொண்டு வர்றவ ஜோலீன். கூட்டத் தலைவன் டெல்பர்ட்டோட பொண்டாட்டி, டயர் கடை வெச்சிருக்காங்க. பொட்டலத்தை என் கையில குடுத்துட்டு, "பாவம் ஹார்லன், அடுத்த வருஷம் கண்டிப்பா"ன்னு தலையைச் சாய்ச்சு சொல்லுவா. அந்த இரக்கத்தைக் கேட்டதும் கதவைப் படார்னு சாத்துவேன். போன மாசம் கடைக்கு வந்தவகிட்ட, நாலு பேர் நிக்கும்போது, "இந்த வருஷம் எங்க ஃப்ரீசர்ல எங்க எல்க்குதான். உன் பொட்டலத்தை வேற வீடு பார்த்துக் குடு"ன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான், இனி வாயைக் கட்டிக்க முடியாது.

ஹார்லனுக்கும் அது தெரியும். உடனே என்ன பண்ணினான்னா, பயிற்சி எடுத்திருப்பான்னு நீங்க நினைப்பீங்க. இல்ல. புதுசா இன்னும் நாலு சாமானுக்கு ஆர்டர் போட்டான். அப்புறம் சோதனை. துப்பாக்கி எந்த நிலைமையிலயும் கைவிடாம வேலை செய்யுமான்னு பார்க்கணுமாம். என் ஃப்ரீசர்ல இருந்த ஹக்கிள்பெர்ரிப் பழப் பொட்டலத்தை எல்லாம் வெளியே எடுத்து வெச்சுட்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பட்டாணிப் பாக்கெட்டுக்கு நடுவுல படுக்க வெச்சான். மறுநாள் எடுத்துப் பார்த்துட்டு, "மைனஸ் பதினெட்டுலயும் விசை இழுக்குது வில்மா"ன்னான். என் பழமெல்லாம் உருகி மேசை வழியா ஒழுகிட்டு இருந்துச்சு, அதை யாரும் சோதிக்கல.

அந்தச் சனிக்கிழமை மைதானத்துக்குப் போனா, எங்க பிக்கப் லாரியிலேருந்து ஒரு வாளி சேறு, ஒரு வாளி மணல், பூவாளி ஒண்ணு இறக்குறான். மத்தவங்க தட்டுக்குச் சுட வந்திருக்காங்க, இவன் தோட்ட வேலைக்கு வந்த மாதிரி நிக்கிறான். துப்பாக்கியைச் சேத்துல முக்கி எடுத்து ஒரு ரவுண்டு சுட்டான். மணலைக் கொட்டி ஒரு ரவுண்டு. பூவாளியால மழை பெய்ய வெச்சு ஒரு ரவுண்டு. டார்ச்சு சேத்துக்குள்ளேயே தங்கிடுச்சு, தேடி எடுத்தோம். தாங்கியோட ஒரு கால் விரிஞ்சுது, இன்னொண்ணு வரமாட்டேன்னு அடம் பிடிச்சுது. ஒவ்வொரு தோட்டாவும் ஒரு திசையில போச்சு. எல்வுட், அவர்தான் சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு மைதானத்தைப் பார்த்துக்கிறவர், தூரக் கண்ணாடியில கண்ணை வெச்சபடியே, "ஹார்லன், இது மேற்கே போயிருக்கு"ன்னு பொறுமையா சொல்லிட்டு இருந்தார்.

டெல்பர்ட்டும் மிலோவும் அவன் ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு ஒரே பாராட்டு. மிலோ பள்ளிக்கூட பஸ்ஸுக்கு மெக்கானிக். அவனுக்குத் தெரியாத திருகே கிடையாது, ஆனா ஹார்லன் துப்பாக்கியில எது ஆடினாலும் அவன் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

"அருமையான சாமான்ப்பா. குறி தப்புறதுக்கு இது காரணமே இல்ல. காத்துதான்."

"காத்து வேகம் சொல்ற கருவி ஒண்ணு வந்திருக்கு ஹார்லன், நீ இன்னும் வாங்கலையா?" மிலோ கேட்டான்.

என் வீட்டு ஆளு உச்சி குளிர்ந்து போய் அதோட பேரைக் கேட்டுக்கிட்டு நிக்கிறான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் சாலட்டை எடுக்க எங்க லாரிக்குப் போனேன். பக்கத்து லாரிக்கு அந்தப் பக்கம் டெல்பர்ட் குரல் கேட்டுச்சு.

"டேய் மிலோ, அந்தச் சத்தம் அடக்குற குழாயை மட்டும் அவன் கழட்டிடாமப் பார்த்துக்க. கழட்டினான்னா நேராச் சுட்டுத் தொலைப்பான். அப்புறம் மலையில யாரு சமைப்பா, நீயா? நீ போட்ட காபியைக் குடிச்சுட்டு நான் ஒரு நாள் பூரா மரத்துக்குப் பின்னாடியே குந்தியிருந்தேன்."

"அதுக்குத்தானே காத்துக் கருவி பத்தி எடுத்து விட்டேன்," மிலோ சொன்னான். "ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்றேன்ல. அவன் கையால அந்தப் புளிமாவு ரொட்டி இல்லாம நான் மலை ஏறமாட்டேன்ப்பா."

சாலட் கிண்ணத்தை அவன் தலையில கவுத்திருப்பேன். ஆறு வருஷமா இவனுங்க என் புருஷன் தலையில மிளகாய் அரைக்கிறானுங்க, நான் கழுத்துக்கறி தின்னுட்டிருக்கேன். நேரா ஹார்லன்கிட்ட போனேன்.

"கழட்டு."

"எதை?"

"எல்லாத்தையும். ஸ்கோப்பு மட்டும் இருக்கட்டும்."

"வில்மா, இதெல்லாம் சோதிச்சுப் பார்த்த சாமான்."

"நானும் பார்த்துட்டுத்தானே இருந்தேன். நீயா கழட்டுறியா, நான் சுத்தியல் எடுக்கட்டுமா?"

கழட்ட ஆரம்பிச்சான். டெல்பர்ட் ஓடி வந்தான். "ஐயோ, இப்ப போய்க் கழட்டினா குறியெல்லாம் மாறிடும்ப்பா, இத்தனை நாள் பழகினது"ன்னு அக்கறை சொட்டச் சொட்டப் பேசினான். எல்வுட் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காம, "நாலஞ்சு சுட்டு ஸ்கோப்பைச் சரி பண்ணிக்கட்டும். நேரம் இருக்கு"ன்னுட்டார். சரி பண்ணினான். சாமானெல்லாம் போனதுக்கப்புறம் பார்த்தா அந்தத் துப்பாக்கி ஒல்லியா, அடக்கமா, ஒரு துப்பாக்கி மாதிரியே இருந்துச்சு.

தட்டைக் குத்தினாங்க. ஹார்லன் பெஞ்சுல உக்காந்தான். நான் அவன் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

முதல் தோட்டா. எல்வுட் கண்ணாடியில பார்த்துட்டு, "உள்ள. கிட்டத்தட்ட நடுவுல"ன்னார். ரெண்டாவது. "உள்ள. முதல் ஓட்டைக்குப் பக்கத்துலயே."

டெல்பர்ட் மூஞ்சி தொங்கிப் போச்சு. மிலோ வயித்தைத் தடவிக்கிட்டான். எனக்கு அப்பவே ஃப்ரீசர் கதவைத் திறந்து ஜோலீனுக்குக் காட்டுற மாதிரி இருந்துச்சு.

மூணாவதுக்கு ஹார்லன் தோட்டாவைக் கையில எடுத்தப்போ எல்வுட் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பக்கத்துப் பண்ணை மாடு ஒண்ணு வேலியைத் தாண்டி வந்து, தட்டுக்கு முன்னாடி நின்னு புல்லு மேயுது. எங்க மைதானத்துல நிறுத்துன்னா நிறுத்துதான். எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து பெஞ்சுல வெச்சுட்டு தரையில போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி வந்துடணும், தூசி தட்டக்கூடக் கிட்ட போகக் கூடாது. எல்வுட்டும் ரெண்டு பேரும் மாட்டை விரட்டப் போனாங்க. ஹார்லனை நான் லாரி ஓரமா இழுத்துட்டுப் போனேன்.

"கேளு. நீ ஒரு முட்டாள். அவனுங்க வேணும்னே உன்னை ஏத்தி விடுறானுங்க. நீ ஜெயிச்சா சமைக்க ஆள் இல்லைன்னு..."

"தெரியும்," ஹார்லன் சொன்னான்.

"என்ன தெரியும்?"

"மூணாவது வருஷமே தெரியும். மிலோவுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துடும்."

அவனை இழுத்துட்டு வந்த கையை விட்டேன்.

"தெரிஞ்சுதான் இத்தனையும் வாங்கினியா?"

அவன் மாட்டைப் பார்த்துக்கிட்டே பேசினான். "வெறும் துப்பாக்கியை வெச்சுக்கிட்டுக் குறி தப்பினா ஏன் தப்புச்சுன்னு கேட்பாங்க. சாமான் இருந்தா சாமான் மேல போட்டுடலாம். எனக்கு அங்க சமைக்கத்தான் பிடிச்சிருக்கு வில்மா. அவங்க இருட்டோட கிளம்பிப் போயிடுவாங்க. நான் மாவு பிசைஞ்சு, சட்டியை நெருப்புல புதைச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பேன். சாயங்காலம் குளிர்ல விறைச்சுப் போய் இறங்கி வருவாங்க. மூடியைத் திறந்ததும் அவங்க முகத்தைப் பார்க்கணும் நீ. இன்னொண்ணு போடுன்னு கேட்பாங்க. என்கிட்ட யாரு எதை இன்னொரு தடவை கேட்டிருக்கா?"

"அதை அவனுங்ககிட்ட வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"வேட்டை வேணாம், சமைக்கத்தான் ஆசைன்னா? டெல்பர்ட் சாகற வரைக்கும் எனக்குப் பூப்போட்ட ஏப்ரனா வாங்கிக் குடுப்பான்."

அது நிஜம்தான்.

"சரி, வீட்டுல சமைச்சிருக்கலாமே. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"கல்யாணமான புதுசுல ஒரு சட்டியைக் கருக்கினேன். அதுக்கப்புறம் உன் அடுப்புகிட்ட என்னை எப்ப விட்ட?"

கோபம் வந்துச்சு. அவன் சொன்னது பொய்யா இருந்தா இன்னும் நிறையக் கோபப்பட்டிருப்பேன். இவனுங்க அவனை ஏமாத்துறதா நினைச்சுக்கிட்டு இருக்கானுங்க, அவன் இவனுங்களை ஏமாத்திக்கிட்டு இருக்கான், ரெண்டு பக்கமும் வேணும்னு நினைக்கிறது ஒண்ணே ஒண்ணு. நடுவுல கழுத்தை மென்னு பல்லு ஆட்டம் கண்டது எனக்கு மட்டும்தான்.

"அப்ப ஏன் இன்னைக்கு ரெண்டையும் உள்ள போட்ட?"

"நீ பின்னாடி நின்ன. முதல் ரெண்டு உனக்காக." கையில இருந்த தோட்டாவைக் காட்டினான். "மூணாவது எனக்கு. அதைத் தப்ப விடப் போறேன். நீ கூடாதுன்னா அதையும் உள்ள போட்டுடறேன். கடையில நாலு பேர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்க, எனக்குத் தெரியும்."

மாடு வேலிக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. எல்வுட் எல்லாரையும் பெஞ்சுக்குக் கூப்பிட்டார். நான் ஹார்லனுக்கு ஒரு பதிலும் சொல்லல. அவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போய் உக்காந்தான்.

சுட்டான். தட்டு அசையல. பக்கத்துல அடுத்த தட்டுக்கு நட்டிருந்த கம்பத்துலேருந்து ஒரு சிராய் பறந்துச்சு. அதுக்கும் இதுக்கும் ஒரு கஜமாவது இருக்கும். முதல் ரெண்டையும் உள்ளங்கை அகலத்துக்குள்ள போட்டவன் அவன்.

எல்வுட் கண்ணாடியிலேருந்து முகத்தை எடுத்து ஹார்லனை ஒரு மாதிரி பார்த்தார். டெல்பர்ட்டோட நெத்தியும் சுருங்குச்சு. சாமானெல்லாம் கீழ துணி மேல கிடக்கு, பழி போட மிச்சம் ஒண்ணும் இல்ல. ஹார்லன் ஸ்கோப்பைப் பிடிச்சுத் தடவிட்டு இருந்தான், கழுத்து வரைக்கும் சிவந்து போச்சு. இன்னும் ஒரு நிமிஷம் போனா யாராவது ஒருத்தன் கேட்டுடுவான்.

"காலையிலேயே சொன்னேன்," நான் சத்தமா சொன்னேன். "அந்த ஸ்கோப்பு திருகு ஆடுதுன்னு. கேட்டாத்தானே. மலிவாக் கிடைக்குதுன்னு கண்டதை வாங்கினா இப்படித்தான்."

ஹார்லன் தலையைத் தூக்கல. "ஆமாம், ஆடுது"ன்னான்.

மிலோ ஓடி வந்து தொட்டுப் பார்த்து, கல்லு மாதிரி இருந்த திருகை, "அட, ஆமாம்ப்பா, நல்லாவே ஆடுது"ன்னு சத்தியம் பண்ணினான். காது ரெண்டும் பழுத்த தக்காளி. டெல்பர்ட்டுக்கு வாயெல்லாம் பல்லு. "பரவாயில்லப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு ஹார்லன் முதுகுல தட்டினான்.

தட்டி முடிக்கட்டும்னு காத்திருந்தேன்.

"டெல்பர்ட், ஹார்லன் இந்த வருஷம் மலைக்கு வரல."

"என்னது?"

"முட்டி வலி. குளிர் ஆகாது."

ஹார்லன் என்னைப் பார்த்த பார்வையில பயம் இருந்துச்சு. வில்மா வேணாம்னு உதடு மட்டும் அசைஞ்சுது. நான் அந்தப் பக்கமே திரும்பல.

"அப்ப சமையல்?" மிலோ கேட்டான்.

"நீதான் காபி நல்லாப் போடுவியாமே."

ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி லாரி பக்கம் பார்த்தானுங்க, அங்க நின்னு என்ன பேசினோம்னு ஞாபகம் வந்திருக்கும். டெல்பர்ட் தொண்டையைச் செருமினான். "முட்டி வலிக்கு ஏதாவது மருந்து இருக்கும்ல வில்மா."

"இருக்கு. கழுத்துக்கறிக்காக ஒருத்தன் மலையேறினா வலிக்கத்தான் செய்யும். ஒரு பின்னந்தொடையும் முதுகுச் சதையில பாதியும்னா வலி குறையலாம்."

"முதுகுச் சதை சுட்டவனுக்குத்தான். எங்கப்பா காலத்துலேருந்து இருக்கிற சட்டம்."

"அப்ப உங்கப்பாவை வந்து ரொட்டி சுடச் சொல்லு."

"எங்கப்பா செத்து எத்தனையோ வருஷமாச்சு."

"அப்ப காலைச் சாப்பாடு கொஞ்சம் லேட்டாகும்."

எல்வுட் இருமுற மாதிரி வாயைப் பொத்திக்கிட்டார். மிலோ டெல்பர்ட் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்து, "குடுத்துடுப்பா, குடுத்துடு, என் பங்குலேருந்துகூட எடுத்துக்க"ன்னு கெஞ்ச ஆரம்பிச்சுட்டான். டெல்பர்ட் என்னை முறைச்சான், ஹார்லனைப் பார்த்தான், கடைசியில சரின்னு தலையாட்டினான். "ஜோலீன் கொண்டு வந்து குடுக்க வேணாம், நானே உங்க வீட்டுக்கு வந்து எடுத்துக்கிறேன்"னு சொல்லிட்டு சாலட் கிண்ணத்தை மூடினேன்.

வீட்டுக்குத் திரும்புற வழியில ஹார்லன்தான் ஓட்டினான். பாலம் தாண்டினதும், "அந்தச் சாமானையெல்லாம் வித்துடவா?"ன்னு கேட்டான்.

"வித்துட்டு அடுத்த வருஷம் எதைக் குத்தம் சொல்லுவ?"

யோசிச்சான். சிரிக்கிறான்னு அவன் தோள் குலுங்குறதை வெச்சுத்தான் தெரிஞ்சுது.

"இன்னைக்கு அடுப்பு உனக்கு," நான் சொன்னேன். "இன்னைக்கு மட்டும்தான். அவனுங்களுக்கு என்ன பண்ணிப் போடுவியோ அதைப் பண்ணு."

கராஜுல ஏதோ பழைய ஜாடியில மாவைப் புளிக்க வெச்சு வளர்த்துட்டு இருந்திருக்கான், எனக்கு அது கூடத் தெரியாது. சமையலறை முழுக்க மாவாக்கினான். என்னை உள்ள வர விடல. நான் என் வீட்டு மேசையிலேயே விருந்தாளி மாதிரி உக்காந்திருந்தேன். ரொட்டியைத் தட்டுல வெச்சு, மேல ஒரு கரண்டி குழம்பை ஊத்தி முன்னாடி நகர்த்திட்டு, எதிர்ல உக்காந்து என் முகத்தையே பார்த்தான்.

ஒரு வாய் வெச்சேன். எனக்கு வந்தது கோபம்தான். இதையா அந்தத் தடியனுங்க வருஷா வருஷம் பத்து நாள் உக்காந்து தின்னுட்டு, எனக்குக் கழுத்தைக் குடுத்து அனுப்பினானுங்க? பாதி முதுகுச் சதைன்னு கேட்டுட்டு வந்திருக்கேனே, எனக்கு என்ன புத்தி. முழுசாக் கேட்டிருக்கணும்.

"இன்னொண்ணு போடு"ன்னேன்.